லுகத் பாடமும் சொல் விளையாட்டும்

‘நஸர, யன்ஸுரு’ என்று தொடங்கிக் கொடுத்தால் பதினான்கு ஸீகாக்களையும் பிசகின்றி ஒப்பித்து முடிக்கும் மாணவரிடம், ஊசிக்கும் நூலுக்கும் அரபியில் என்ன சொல் என்று வினவிப் பாருங்கள், பெரும்பாலும் விழிப்பார். திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் வளர்ந்த பிள்ளையாக இருந்துவிட்டால் இது இன்னும் விந்தையானது. ஓவர்லாக், பேட்லாக், காஜா பட்டன், செக்கிங் என்று தையல் தொழிலின் சொற்களோடு பிறந்து வளர்ந்தவர் அவர். வீட்டில் அத்தாவோ அண்ணனோ பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பார். அம்மா பீஸ் கணக்கில் பிசிறு வெட்டிக் கொடுப்பார். ஊசியையும் நூலையும் பற்றிக் குர்ஆனில் வரும் வசனங்களை அவர் மனனம் செய்துமிருப்பார். ஆயினும் அந்த வசனத்தில் உள்ள சொல்லும் வீட்டில் உள்ள ஊசியும் அவர் உள்ளத்தில் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

இக்குறைக்கு மாணவரைப் பழிப்பதில் பொருளில்லை. நம் அரபுக் கல்லூரிகளின் பாடமுறையில் ஸர்ஃபும் நஹ்வும் முன்னே நிற்கின்றன. லுகத் என்பது கிதாபு ஓதும்போது வரிக்கு வரி உஸ்தாது சொல்லும் பொருளாகவே வந்து சேர்கிறது. சொல்வளம் தானே சேர்ந்துவிடும் என்பது முன்னோர் நம்பிக்கை. பன்னிரண்டு ஆண்டுகள் ஓதிய காலத்தில் அது சேர்ந்தும் இருக்கலாம். இன்று வரும் மாணவருக்கு அத்தனை அவகாசம் கிடையாது. முதலிரண்டு ஆண்டுகளில் கிதாபு விளங்கவில்லையென்றால் மூன்றாம் ஆண்டில் அவர் வகுப்பில் இருப்பதில்லை. சனிக்கிழமைதோறும் கையில் சம்பளம் தரும் கம்பெனியில் இருக்கிறார். திருப்பூர் வட்டாரத்து ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்த செய்தி இது. இலக்கண விதி மறந்து கல்வியை விட்டவரைவிட, சொல் தெரியாமல் பக்கத்துக்குப் பக்கம் தடுக்கி விழுந்து சலித்து விட்டவரே மிகுதி என்பது நம் கணிப்பு. ஆகவே லுகத்தை எவ்வாறு கற்பிப்பது என்னும் வினா, ஒரு பிள்ளை ஓதுவாரா போய்விடுவாரா என்பதோடு பிணைந்தது.

சொற்களை விளையாட்டாகக் கற்பிக்கலாம் என்று கூறினால் மூத்த உலமாக்கள் சிலர் முகம் சுளிக்கின்றனர். மதரஸாவில் விளையாட்டா என்கின்றனர். அவர்களது தயக்கம் கண்ணியத்தின் பொருட்டு எழுவது; ஆயினும் அண்ணலாரின் (ஸல்) சபையிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. இமாம் புகாரீ (ரஹ்) தம் ஸஹீஹில் கல்வி பற்றிய பகுதியில், தோழர்களின் அறிவைச் சோதிக்கத் தலைவர் வினா எழுப்புவது குறித்து ஒரு தலைப்பே அமைத்து, அதன்கீழ் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் பேரீச்சமர நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று நபியவர்கள் (ஸல்) ஒரு விடுகதை போடுகிறார்கள். சபையோரின் எண்ணம் பாலைவனத்து மரங்களையெல்லாம் சுற்றி வருகிறது. சிறுவரான இப்னு உமருக்கு (ரலி) விடை தெரிந்துவிடுகிறது. பெரியவர்கள் மௌனமாக இருக்கையில் தாம் பேசுவதா என்று நாணி அவர் வாய் திறக்கவில்லை. இறுதியில் நபியவர்களே விடையைச் சொல்கிறார்கள். பின்னர் மகன் இதைச் சொல்லக் கேட்ட உமர் (ரலி), நீ அதை அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ உவப்பாக இருந்திருக்கும் என்னும் கருத்தில் பதிலளிக்கிறார்கள்.

இந்த ஹதீஸில் விடுகதை ஆகுமென்பதற்குச் சான்று தேடுவோர் அதோடு நின்றுவிடுகின்றனர். ஆசிரியர்க்கு இதில் இன்னொரு பாடம் உண்டு. வாய்மொழியாகக் கேட்கும் வினாவில் விடை தெரிந்த சிறியவர் ஒருவர் எப்போதும் பேசாமல் அமர்ந்திருப்பார். முந்திக்கொள்ளும் இரண்டு மூன்று பேரே ஆட்டம் முழுவதையும் நடத்திவிடுவர். இதற்கு எளிய பரிகாரம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிலேட்டோ அட்டையோ கொடுத்துவிடுவது. வினாவைக் கேட்டதும் எல்லோரும் எழுத வேண்டும். ஆசிரியர் சொன்னதும் எல்லோரும் ஒருசேரத் தூக்கிக் காட்ட வேண்டும். பனியன் கம்பெனிகளில் மீந்து போகும் அட்டைகள் இவ்வூரில் கேட்டால் கிடைக்கும். நாணமுள்ள பிள்ளையின் அறிவும் அப்போது வெளிப்பட்டுவிடும்.

நம் முன்னோர் லுகத்தை வறட்டுப் பட்டியலாக ஓதிக் கொடுத்தனர் என்று எண்ணுவதும் தவறு. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டினரான அபூ நஸ்ர் ஃபராஹீ, பாரசீகச் சிறுவர்க்கு அரபுச் சொற்களைக் கற்பிக்க ‘நிஸாபுஸ் ஸிப்யான்’ என்னும் செய்யுள் அகராதியை யாத்தார். இருநூறு பைத்துகள். வெள்ளிக்கு ஸகாத் கடமையாகும் அளவு இருநூறு திர்ஹம் என்பதால், அந்த எண்ணிக்கையை வைத்தே சிறுவரின் ‘நிஸாப்’ என்று பெயரும் சூட்டினார். அமீர் குஸ்ரூவின் பெயரால் வழங்கும் ‘காலிக் பாரீ’ இந்திய மதரஸாக்களில் நெடுங்காலம் ஓதப்பட்டது; அது அவருடையதன்று, பிற்காலத்தது என்று ஹாபிஸ் மஹ்மூது ஷீரானீ வாதிட்டார். உருதுப் பெருங்கவிஞர் காலிப்பும் தம் வீட்டுச் சிறுவர்க்காக ‘காதிர் நாமா’ எழுதினார். நம் தமிழ்ப் பக்கம் வந்தால் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனனம் செய்த நிகண்டுகள் இதே பணியைச் செய்தன. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. எதுகை முறையில் அடுக்கப்பட்டது. எதுகை என்பது அங்கே அழகுக்காக வந்ததன்று. நினைவில் தேடி எடுக்க உதவும் கைப்பிடி அது.

ஆயினும் இப்பாட்டு முறைக்கு ஓர் எல்லை உண்டு. பாட்டை முதலிலிருந்து தொடங்கினால்தான் பிள்ளைக்குச் சொல் வரும். நடுவில் நிறுத்திக் கேட்டால் வராது. சொல்லை உள்ளே போடுவது ஒரு பயிற்சி, வேண்டும்போது வெளியே எடுப்பது வேறொரு பயிற்சி. கார்ப்பிக், ரோடிகர் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. ஸ்வாஹிலி மொழிச் சொற்கள் நாற்பதை ஆங்கிலப் பொருளுடன் மாணவர்க்குக் கற்பித்தனர். ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட சொல்லை மீண்டும் மீண்டும் வினவிச் சோதித்தவர்கள், ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காடு நினைவில் வைத்திருந்தனர். அச்சொல்லைப் பிறகு படித்துக்கொண்டு மட்டுமே இருந்து, சோதிக்கப்படாதவர்கள் 35 விழுக்காட்டளவே நினைவில் கொண்டிருந்தனர். நம் மதரஸாக்களில் இரவு நேரத்தில் மாணவர் வட்டமாக அமர்ந்து, ஒருவர் பாடத்தைச் சொல்ல மற்றவர் கேட்டுத் திருத்தும் ‘தக்ரார்’ இந்த உண்மையின்மீது எழுந்த ஏற்பாடே. (மீளச் சொல்லுதல் என்னும் பொருளுடைய அந்தச் சொல்தான் தமிழில் ‘தகராறு’ ஆகியிருக்கிறது. தக்ரார் நடக்கும் அறையின் வாசலில் ஐந்து நிமிடம் நின்றவர்க்கு, பொருள் எப்படி மாறியது என்று விளக்க வேண்டியதில்லை.)

இந்தத் தகராறிலிருந்தே நாம் வகுப்பில் நடத்தும் ஓர் ஆட்டம் பிறந்தது. தமிழில் அன்றாடம் வழங்கும் அரபு மூலச் சொற்களைக் கண்டுபிடித்து, அவற்றின் வேர் எழுத்துகளைச் சொல்லி, அதே வேரிலிருந்து மதரஸாவில் பழகிய இன்னொரு சொல்லையும் தர வேண்டும். ஆஜர் என்று ஒருவர் சொன்னால் ஹாளிர் என்று மூலத்தைக் காட்டி, ‘ஹஸ்ரத்’ என்பதும் அதே வேர்தான் என்று எதிரணியினர் கூறுவர். அமுல் என்றால் அமல். மாமூல் என்றால் மஃமூல். இரண்டும் ஒரே குடும்பம். தாசில்தாரும் வயலின் மகசூலும் ஹஸல என்னும் வேரில் கூடுகின்றனர். வசூல் என்பது வந்து சேர்தல். உறவைச் சேர்ந்து வாழ்தலாகிய ஸிலத்துர் ரஹ்மும் அந்த வேரினதே. அசலில் உஸூலுல் ஃபிக்ஹ் இருக்கிறது. நகலில் நக்லீ ஆதாரம் இருக்கிறது. மளிகைக் கடையில் நிற்கும் பாக்கியும் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் ஒரு வேர் என்று வெளிப்படும்போது வகுப்பில் எழும் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாகும். அந்தச் சொல்லை அதன்பின் ஒருவரும் மறப்பதில்லை. பொறிகளும் உண்டு. பாக்கியம் என்பதையும் உற்சாகத்தில் ஒருவர் இதே வேரில் சேர்ப்பார், அது வடசொல். அவ்வாறு தவறியவருக்கு மதிப்பெண் குறைக்காமல், ஏன் சேராது என்று விளக்க வைப்பது நலம்.

வேர் எழுத்துகளை இடம் மாற்றி ஆடுவது அடுத்த நிலை. இதன் முன்னோடி யாரோ அல்லர். அரபு மொழியின் முதல் பேரகராதியான ‘கிதாபுல் ஐன்’ நூலுக்குரிய கலீல் இப்னு அஹ்மது (ரஹ்). யாப்பிலக்கணம் கண்ட அப்பேரறிஞர், இருபத்தெட்டு எழுத்துகளை மும்மூன்றாகக் கோத்தால் 19,656 வேர்கள் கிடைக்கும் என்னும் கணக்கின்மீது அகராதியை அமைத்து, எவை வழக்கில் உள்ளவை, எவை இல்லாதவை என்று பிரித்தார். ஒரு வேரைச் சொன்னால் அதன் இடமாற்றங்கள் அனைத்தையும் ஓரிடத்தில் வைத்து ஆராய்வது அவர் முறை. வகுப்பில் மூன்று மாணவரை நிறுத்தி ஒருவர் கையில் காஃப், ஒருவர் கையில் தா, ஒருவர் கையில் பா என்று அட்டை கொடுத்தால் போதும். அவர்கள் இடம் மாறி நிற்க நிற்க ஆறு வேர்கள் தோன்றும். அவற்றுள் கதப (எழுதினான்) எல்லோரும் அறிந்தது. கபத (இழிவுபடுத்தினான்), பதக (அறுத்தான்) ஆகிய இரண்டும் குர்ஆனில் உள்ளவை. முன்னது முஜாதலா சூராவிலும், பின்னது நிஸா சூராவில் கால்நடைகளின் காதை அறுப்பது பற்றிய வசனத்திலும் வருகின்றன. ஹாபிஸ் மாணவர்கள் இங்கே முன்னணிக்கு வருவர். மனனம் செய்த குர்ஆன் அவர்களுக்குச் சொற்கிடங்காக மாறும் தருணம் அது.

குத்ருப் என்னும் இலக்கண அறிஞர் (ஹிஜ்ரி 206-இல் மறைந்தவர்) தொகுத்த ‘முஸல்லஸாத்’தும் இவ்வாறு பயன்படும். முதலெழுத்தின் ஹரகத் மாறினால் பொருள் மாறும் மும்மூன்று சொற்கள் அவை. ஸலாம் என்றால் முகமன், ஸிலாம் என்றால் கற்கள், ஸுலாம் என்றால் கைகால்களின் சிற்றெலும்புகள். கலாம் பேச்சு, கிலாம் காயங்கள், குலாம் கெட்டி நிலம். அகரம், இகரம், உகரம் என்று எழுத்திலேயே பிரித்துக் காட்டப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது மிக எளிதில் பிடிபடும். பின்வந்தோர் இவற்றைப் பாட்டாகவும் கட்டினர்.

இனித் திருப்பூருக்கே உரிய ஆட்டத்துக்கு வருவோம். ஒரு பனியனையோ சட்டையையோ வகுப்பின் நடுவே வைத்து, அதன் ஒவ்வொரு பகுதிக்கும், அது உருவான ஒவ்வொரு வேலைக்கும் அரபுச் சொல் கேட்பது. கூடவே அச்சொல் அல்லது அதன் வேர் ஓதிய பாடங்களில் எங்கே வருகிறது என்றும் கேட்பது. கமீஸ் என்ற சொல் குர்ஆனில் ஆறு இடங்களில் வருகிறது. ஆறும் யூசுஃப் சூராவிலேயே. பொய்க் குருதி தோய்ந்த சட்டை, கிழிந்த சட்டை, தந்தையின் முகத்தில் போடப்பட்டுப் பார்வை மீள ஏதுவான சட்டை என்று ஒரு வரலாறே அதன்மீது நடக்கிறது. கிழிந்தது முன்புறமா பின்புறமா என்ற விசாரணையில் குபுல், துபுர் என்னும் சொற்கள் வருகின்றன. கட்டிங் மேசையில் முன்பீஸ், பின்பீஸ் என்று அடுக்கிப் பார்த்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கிப்லா, இக்பால், தத்பீர் எல்லாம் அங்கிருந்தே கிளைக்கும்.

சட்டைக் கைக்குக் கும்மு என்று பெயர். ஈச்சங்குலையை மூடியிருக்கும் பாளை உறைக்குக் கிம்மு. இரண்டுக்கும் பன்மை அக்மாம். ரஹ்மான் சூராவில் ஓதுவது பின்னதை. கையை மூடுவதும் கனியை மூடுவதும் ஒரு வேரில் நிற்கின்றன. உள்துணிக்குப் பிதானா, ஆலு இம்ரான் சூராவில் அந்தரங்க நண்பரைக் குறிக்க அச்சொல் வருவது ஏன் என்று லைனிங் தைத்த அனுபவமுள்ளவர் உடனே விளக்கிவிடுவார். சாயம் ஸிப்க். பகரா சூராவில் அல்லாஹ்வின் வர்ணம் என்று பொருள் கொள்ளும் இடத்தில் ஸிப்கத் என்றிருக்கிறது. முஃமினூன் சூராவில் உண்போர் தொட்டுக்கொள்ளும் ஆலிவ் எண்ணெயையும் ஸிப்க் என்றே கூறப்படுகிறது. சாயத்துக்கும் தொட்டுக்கொள்வதற்கும் என்ன உறவு? சாயப்பட்டறையைப் பார்த்தவர்க்கு விடை தெரியும்: இரண்டும் முக்கி எடுப்பதே.

இவற்றில் நமக்கு மிகவும் உவப்பானது நஹ்லு சூராவில் வரும், நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணின் உவமை. நூற்றது கஸ்ல், பிரித்தது நக்ள். பின்னலாடை ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு போகும் என்பது இவ்வூரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். உளூவை முறிக்கும் காரியங்களை ‘நவாகிளுல் உளூ’ என்று முதலாண்டிலேயே ஓதுகிறோமே, அந்த நவாகிளும் இந்த நக்ளும் ஒரே வேர்தான் என்று சொன்னால், உளூ முறிதல் என்பதற்கு அம்மாணவர் உள்ளத்தில் ஓர் உருவமே அமைந்துவிடுகிறது. பல ஆண்டுகள் ‘முறிப்பவை’ என்று மொழிபெயர்த்துச் சொல்லியும் கிட்டாத தெளிவு இது.

எச்சரிக்கை வேண்டிய இடமும் இதே சட்டையில் இருக்கிறது. ஜேபி என்று நாம் சொல்லும் சட்டைப்பையின் பெயர் அரபு ஜைப் என்பதிலிருந்து வந்தது. இன்றைய அரபியிலும் ஜைப் என்றால் சட்டைப்பையே. ஆனால் மூஸா (அலை) தம் கையை நுழைத்த ஜைப், முன்னோர் வழக்கில் அங்கியின் கழுத்துத் திறப்பு. பெண்கள் முக்காட்டை இழுத்து மூடுமாறு நூர் சூரா கூறும் ஜுயூப் என்பதும் அதுவே. மூஸா (அலை) சட்டைப்பையில் கை விட்டார்கள் என்று பொருள் சொல்லும் மாணவரை நாம் ஆண்டுதோறும் சந்திக்கிறோம். ஆட்டத்தில் கிடைத்த சொல்லை அகராதியில் சரிபார்க்காமல் வசனத்துக்குப் பொருத்தக் கூடாது என்பதை இந்த ஒரு சொல்லைக் கொண்டே உணர்த்திவிடலாம்.

இன்னொன்றும் ஆசிரியர் கருத வேண்டும். இனமான சொற்களைப் புதிதாக ஒரே நாளில் கற்பித்தால் அவை ஒன்றோடொன்று குழம்பும் என்று 1990களில் டிங்கம், வேரிங் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. நிறங்களின் பெயர் பத்தையும் ஒரே நாளில் ஓதிக் கொடுத்துவிட்டு மறுநாள் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மாற்றிச் சொல்வதைக் கண்டவர்கள் இதை ஒப்புக்கொள்வர். எனவே சட்டை ஆட்டத்தை முதல் அறிமுகமாக வைக்கக் கூடாது. ஊசியை ஒட்டக உவமை வரும் அஃராஃப் வசனத்தோடும், நூலை நோன்பின் ஸஹர் முடிவு பற்றிய வசனத்தோடும் வெவ்வேறு நாளில் தனித்தனியே கற்பித்து, அவை ஊன்றிய பின்னரே ஓரிடத்தில் கூட்ட வேண்டும்.

திருப்பூர் மக்தபுகளின் தோற்றம் இன்று மாறியிருக்கிறது. பீகார், மேற்கு வங்கம், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்கின்றனர். வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் பிள்ளை, உருது பேசும் பிள்ளை, வங்காளமோ இந்தியோ பேசும் பிள்ளை. ஆசிரியர் தமிழில் விளக்குகிறார். வந்தேறிய குடும்பத்துப் பிள்ளை ஊமையாய் அமர்ந்திருக்கிறது. சில நாளில் அதற்கு மந்தம் என்ற பெயரும் வந்துவிடுகிறது.

இங்கே நம் மாநிலத்து அறிஞர் ஒருவரின் நூல் கைகொடுக்கிறது. 1933-இல் வாணியம்பாடியில் பிறந்து, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் அரபு கற்பித்து, 2023 அக்டோபரில் மறைந்த டாக்டர் வ. அப்துர் ரஹீம் (ரஹ்) இயற்றிய ‘துரூஸுல் லுகதில் அரபிய்யா’ மூன்று பாகங்களும் உலகெங்கும் ஓதப்படுகின்றன. அயற்சொற்கள் அரபியில் புகுந்த வரலாற்றில் தோய்ந்தவர் அவர். ஜவாலீகீயின் ‘அல்முஅர்ரப்’ நூலைப் பதிப்பித்தவர். அவரது முதல் பாடம் இது என்ன என்று கேட்டு, இது வீடு, இது பள்ளிவாசல், இது நூல், இது பேனா, இது நாற்காலி என்று சுட்டிக் காட்டுவது. இலக்கணப் பெயர் ஒன்றும் சொல்லாமலே பெயர் வாக்கியம் கற்பிக்கப்பட்டுவிடுகிறது. அந்தப் பாடத்தில் வரும் கிதாப், கலம், குர்ஸீ ஆகியவை இந்தியும் உருதும் பேசும் பிள்ளைக்குப் பழகிய சொற்கள். வங்காளத்திலும் கலம் என்பது ‘கொலம்’ என்று வழங்குகிறது. பொருளைக் காட்டிப் பெயர் கேட்கும் ஆட்டத்தைத் தமிழ் விளக்கமின்றி நடத்தினால், அதுவரை ஊமையாயிருந்த பிள்ளை முதல் ஆளாய்ப் பதில் சொல்வதைக் காணலாம். அதைத் தமிழ்ப் பிள்ளையோடு இணையாக அமர்த்தி, சொல்லை அது தரவும் தமிழ்ப் பெயரை மற்றது தரவும் செய்தால் இருவருக்கும் ஆதாயம். பீஹார்ப் பையன் என்று அழைப்பதும் அதோடு குறையும்.

உருது வழி வரும் சொல்லிலும் ஜைப் போன்ற பொறி உண்டென்பதை மறக்கலாகாது. கரீப் என்றால் உருதுவில் ஏழை. அரபியில் அந்நியர், ஊர் விட்டு வந்தவர். இஸ்லாம் கரீபாகத் தொடங்கியது என்னும் கருத்துள்ள ஹதீஸை ஏழ்மையாகப் பொருள் கொள்வோர் நம்மிலும் உளர்.

நடைமுறை குறித்துச் சில சொற்கள். இறைவசனம் எழுதிய அட்டைகளை ஆட்டத்தில் பயன்படுத்தலாகாது. அவை கைமாறிக் கீழே விழும், மிதிபடும். சொல்லை மட்டும் எழுதி, வசனத்தை மாணவர் நினைவிலிருந்து ஓதச் செய்தால் போதும். மாணவரிடம் ஆளுக்கொரு தொகை திரட்டி, வென்றவருக்கே முழுவதும் கொடுப்பது சூதின் சாயல் உடையது. ஆசிரியரோ நிர்வாகமோ வேறொருவரோ தம் பொருளிலிருந்து பரிசளித்தால் அந்த ஐயமில்லை. ஹனஃபி நூல்கள் குதிரை, அம்புப் போட்டிகளோடு கல்விப் போட்டியையும் சேர்த்துப் பேசுகின்றன. பரிசும் பேனா அல்லது சிறு அகராதி என்ற அளவில் இருப்பது நன்று. நேரம் பத்து நிமிடம் போதும். பாடத்தின் தொடக்கத்தில், முந்தின நாளின் ஐந்து சொல், முந்தின வாரத்தின் மூன்று சொல், முந்தின மாதத்தின் இரண்டு சொல் என்று கேட்க வேண்டும். மணி அடித்ததும் அட்டைகளைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிதாபைத் திறக்க வேண்டியதுதான். அன்றைய பக்கத்தில் அந்தப் பத்தில் ஒரு சொல்லேனும் வரும்படி தேர்ந்தெடுப்பது ஆசிரியரின் முதல் நாள் இரவு வேலை.